மோந்து பார்க்கும் உரிமை

எங்கள் தெருவில் 'ஒயின்ஷாப்' என்றால் பிராந்திக் கடை. சென்னை முழுக்கவே அப்படித்தான் பேச்சு. அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒயின் வாங்கிய ஒருவரையும் சிறுவயதில் நான் பார்த்ததில்லை. பிராந்தி, ரம், விஸ்கி. கையில் காசு குறைந்தால் குவார்ட்டர். இன்னும் குறைந்தால் இரண்டு பேர் சேர்ந்து ஒரு குவார்ட்டர். திருவொற்றியூரில் தேரடிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டில் ஒயின் என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நைனா இன்னும் வீடு திரும்பவில்லை.

நைனா துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர். அவர் வரும்வரை அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். சந்துமுனையில் அவர் திரும்பும்போது அவள் எழுந்து நிற்பாள். அவர் உள்ளே நுழைய வழிவிட்டு விலகும் அந்த ஒரு நொடியில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். பிராந்தியா சாராயமா, சாப்பிட்டுவிட்டுக் குடித்ததா வெறும் வயிற்றிலா, தன் கூலியிலா அடுத்தவன் வாங்கிக் கொடுத்ததா. அந்த மூக்கு சொன்னதை வைத்துத்தான் எங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுப்பாள். "சாப்ட்டியா?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பாள். அவர் பதில் சொல்லும் குரலை வைத்து மீதியையும் தெரிந்துகொள்வாள். 2001இல் கல்லீரல் கெட்டு நைனா இறந்தபிறகும் பல மாதங்கள் இரவு பத்து மணிக்கு அம்மா வாசற்படிக்குப் போய் நின்றிருக்கிறாள்.

இந்தக் கட்டுரை ஒயினைப் பற்றியது. நல்ல கண்ணாடிக் கிண்ணத்தில், நல்ல உணவோடு, நேரமெடுத்து ஒயின் சுவைப்பதைப் பற்றியது. இப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்த பெண் அதைச் செய்யலாமா என்ற கேள்வியைப் பற்றியது.

ஒயினை நான் முதலில் பார்த்தது ஒரு பீங்கான் ஜாடியில். ராயபுரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தின் வீட்டில் அம்மா வேலை செய்தாள். 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தைச் சுற்றி அந்தச் சமூகத்தினர் நிறையப் பேர் ஒருகாலத்தில் குடியிருந்தார்கள். அந்த வீட்டம்மா எங்களுக்கு 'ஆன்ட்டி'. நவம்பர் கடைசியில் ஆன்ட்டி கூடை நிறையப் பன்னீர் திராட்சை வாங்கிவைப்பார். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தக் கறுப்புத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. நம் ஊரில் அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல மூக்குக்காரர். ரோஜாவின் மணத்துக்குக் காரணமான ஜெரானியால் போன்ற பொருள்கள் மஸ்கட் வகைத் திராட்சைகளிலும் இருக்கின்றன.

திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, மசித்து ஜாடியில் போடுவது அம்மா. சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட், கிராம்பு, பட்டை எல்லாம் ஆன்ட்டியின் கணக்கு. ஜாடியின் வாயில் வெள்ளைத்துணி கட்டுவார்கள். 21 நாள். தினமும் ஒருமுறை துணியை அவிழ்த்து மரக்கரண்டியால் கிண்டவேண்டும். ஆன்ட்டிக்கு மணிக்கட்டில் வலி இருந்ததால் கிண்டுவதும் அம்மாதான். பிறகு வடிகட்டி, தெளியவிட்டு, பாட்டிலில் ஊற்றிவைப்பார்கள். கிறிஸ்துமஸ் அன்று கல்கல்லும் ரோஸ் குக்கியும் பிளம் கேக்கும் மேசைக்கு வரும். அலமாரியில் பூட்டிவைத்திருந்த ஆறு காம்புவைத்த கிண்ணங்கள் வெளியே வரும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு கிறிஸ்துமஸ் நாளில் ஆன்ட்டி அதில் ஒரு கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினார். "ஒரு வாய்தான், மருந்து மாதிரி" என்றார். அம்மா வாங்கினாள், முகத்தருகே கொண்டுபோனாள், நெடுநேரம் மோந்து பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வேணாம் ஆன்ட்டி, நாங்க குடிக்கிறதில்ல."

அந்த 'நாங்க' என்ற சொல் வெகுநாள் எனக்குள் கிடந்தது. எங்கள் வீட்டில் தினமும் குடிக்கிற ஒருவர் இருந்தார். ஆக 'நாங்க' என்றால் எங்கள் குடும்பம் அல்ல, எங்கள் சாதி அல்ல, எங்கள் தெரு அல்ல. பெண்கள். அதிலும், வேலைக்கு வந்த வீட்டில் நல்ல பெயரோடு இருக்கவேண்டிய பெண்கள்.

படித்துமுடித்ததும் மண்ணடியில் ஒரு சுங்கத் தரகு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒயின் எனக்குக் காகிதமாக அறிமுகமானது. சுங்கப் பட்டியலில் அதன் எண் 2204. பொதுவான வரி விகிதம் 150 சதவீதம். அதன்மேல் மாநில வரிகள். பிரான்சிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பெட்டிகள் வரும், நான் பில் ஆஃப் என்ட்ரி தயாரிப்பேன், லாரிகள் கிளம்பும். இருபது ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் பாட்டில்கள் என் கையெழுத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

2022 நவம்பரில் இறக்குமதியாளர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் நான்கு பேரை ஒரு ஓட்டலுக்கு ஒயின் சுவைக்க அழைத்தார். போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனேன்.

வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஆளுக்கு ஆறு கிண்ணங்கள். பக்கத்தில் துப்புவதற்கு ஒரு சிறு வாளி. சொல்லிக்கொடுத்த பெண் முதலில் கிண்ணத்தைப் பற்றித்தான் பேசினார். காம்பைப் பிடிக்கவேண்டும், உள்ளங்கைச் சூடு ஒயினுக்கு ஏறக்கூடாது. அடி அகன்று வாய் குறுகியிருப்பது மணத்தைச் சேர்த்துவைக்க. இந்தத் துலிப் பூ வடிவத்துக்கு 1977இலேயே சர்வதேச அளவீடு வந்துவிட்டது. சுவைத்துப் பார்க்க 50 மில்லி போதும், மீதி இடம் மணத்துக்கு. 2015இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஆல்கஹால் ஆவியைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்றைச் செய்து, கிண்ணத்தின் வாயைப் படமெடுத்ததை நான் பிற்பாடு படித்தேன். சற்றே குளிர்ந்த ஒயினை அப்படிப்பட்ட கிண்ணத்தில் ஊற்றினால் ஆல்கஹால் விளிம்பில் வளையமாக எழும்புகிறது. நடுவில் குறைவாக இருக்கிறது. அங்கே மூக்கை வைத்தால் காரமில்லாமல் பழத்தின் மணம் கிடைக்கும். நேரான டம்ளரில் அந்த வளையம் உருவாகவில்லை.

நான் மூக்கை வைத்தேன். இருபது ஆண்டு காகிதத்துக்குப் பிறகு அது ஒரு பழமாக இருந்தது. "உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று கேட்டார் அந்தப் பெண். பக்கத்தில் இருந்தவர்கள் பிளாக்கரன்ட் என்றார்கள். நான் பிளாக்கரன்ட்டைக் கண்ணால் கண்டதில்லை. "நாவல் பழம். நாக்கைப் பிடிக்கிற மாதிரி, அதன் கொட்டைப் பக்கம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் கிண்ணத்தை மறுபடி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஆமாம்" என்றார்.

அவர் மேசைமேல் வைத்திருந்த வட்டப் படத்தைப் பிறகு தேடிப் படித்தேன். மணங்களை வகைபிரித்துக் காட்டும் அந்தச் சக்கரத்தை 1984இல் உருவாக்கியவர் ஆன் நோபல். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் திராட்சை, ஒயின் துறையில் ஆசிரியராகச் சேர்ந்த முதல் பெண். அதற்கு முன்பு ஒயினை வர்ணிக்கக் 'கம்பீரமானது', 'ஆண்மையுள்ளது', 'பெண்மை நிறைந்தது' என்பன போன்ற சொற்கள் தாராளமாகப் புழங்கின. அந்த வகைச் சொற்களை அவர் ஒதுக்கினார். எலுமிச்சை, கிராம்பு, மிளகு, ஈரமண், வைக்கோல் என்று எவர் மூக்குக்கும் எட்டுகிற சொற்களைக் கொண்டுவந்தார். சந்தேகம் இருந்தால் சமையலறையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து, சாதாரண ஒயினில் போட்டு மோந்து பார்த்துப் பழகிக்கொள்ளச் சொன்னார். சீமான்களின் சொத்தாக இருந்த ஒரு கலையை அஞ்சறைப்பெட்டியால் கற்கலாம் என்று ஆக்கியது ஒரு பெண்ணின் வேலை.

அன்று இரவு மெட்ரோவில் வீடு திரும்பினேன். ஆறு கிண்ணத்திலும் பாதியை வாளியில் துப்பியிருந்தேன். நடை தடுமாறவில்லை. ஆனாலும் திருவொற்றியூர் தேரடி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண்மணி மணி கேட்டபோது கைக்கடிகாரத்தைக் காட்டினேன். நைனா இதே ஊருக்கு எத்தனையோ இரவு ரயிலில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறார். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தேன்.

பெண்ணின் மூச்சை மோந்து பார்ப்பது பழைய வழக்கம். பண்டைய ரோமில் பெண்கள் ஒயின் குடிக்கத் தடை இருந்தது. உறவுக்கார ஆண்கள் பெண்களை வாயில் முத்தமிடுவார்கள், அவர்கள் மேல் ஒயின் வாடை வருகிறதா என்று தெரிந்துகொள்ள. கேட்டோ சொன்னதாக இதை எழுதிவைத்தவர் பிளினி. பீப்பாயிலிருந்து ஒயின் குடித்த மனைவியை எக்னேஷியஸ் என்பவன் தடியால் அடித்துக் கொன்றதையும், ரோமுலஸ் அவனை விடுவித்ததையும் அவரே சொல்கிறார். அதே ரோம நாகரிகத்தின் ஒயின் சாடிகளைத்தான் 1945இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் தோண்டி எடுத்தார். யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவை வளையணிந்த பெண்கள் பொற்கிண்ணத்தில் ஏந்திக் கொடுக்க, பாண்டிய மன்னன் குடித்து மகிழட்டும் என்று புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்துகிறார். ஏந்துகிற கை பெண்ணுடையது. ஆனால் அதே தொகுப்பில் ஔவையும் இருக்கிறாள். அதியமான் இறந்தபோது, கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பானே என்று அழுகிறாள். பாடப்புத்தகத்தில் ஔவை என்றால் நெல்லிக்கனி. இந்தக் கள்ளை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா திறந்தாள். உள்ளே போக விலகி நின்றாள். அந்த ஒரு நொடி வந்தது, போனது.

"சாப்ட்டியா?" என்றாள்.

அதே கேள்வி. அதே குரல். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குரலை அவளிடம் நான் வரவழைத்திருக்கிறேன். அன்று இரவு நான் தூங்கவில்லை.

நான் செய்தது துரோகமா? இந்தக் கேள்விக்கு எளிதாகப் பதில் சொல்லிவிட்டுப் போக இரண்டு வழிகள் உண்டு. 'ஆண் குடித்தால் நானும் குடிப்பேன்' என்பது ஒன்று. நைனா செய்ததை நானும் செய்வதில் என்ன விடுதலை இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. 'பாதிக்கப்பட்ட பெண்கள் இருக்கும்வரை எந்தப் பெண்ணும் தொடக்கூடாது' என்பது இன்னொன்று. இது கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆண்கள் குடித்ததற்கான தண்டனையைப் பெண்கள் தங்கள் நாக்கில் அனுபவிப்பதில்தான் போய் முடிகிறது.

குடிக்கு எதிராகப் போராடிய பெண்கள் உண்மையில் எதை எதிர்த்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் தெளிவு வருகிறது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது. அவர்கள் பேசியது கூலியைப் பற்றி, அடியைப் பற்றி, ஊருக்குக் குடிதண்ணீர் வராதபோதும் சாராயம் தவறாமல் வந்துசேர்வதைப் பற்றி. தமிழ்நாட்டில் 1983இல் டாஸ்மாக் உருவானது. 2003இல் சில்லறை விற்பனையும் முழுதாக அரசின் கைக்கு வந்தது. அதன்பிறகு தங்கள் தெருக்கடையை மூடச்சொல்லி உட்கார்ந்த பெண்களும் இதையேதான் கேட்டார்கள். இன்பம் பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒருவருடைய இன்பத்துக்கான விலையை இன்னொருவர் உடம்பிலிருந்தும் சமையலறையிலிருந்தும் எடுக்காதே என்றார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மேடையேறும் ஆண் தலைவர்கள் முதலாவதையே பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் தாய்க்குலம் தூய்மையானது என்று புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம்.

2023 டிசம்பர் இந்தக் கேள்வியை எனக்கு வேறுபக்கம் திருப்பிவிட்டது. அம்மா எண்ணூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். பெரியம்மா இன்னும் பெரியகுப்பத்தில் இருக்கிறாள். அந்த மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்தது. மீன் பிடிக்கமுடியவில்லை. பிறகு டிசம்பர் 26 நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நெடி முதலில் தெரிந்தது குப்பத்துப் பெண்களுக்கு. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மெயின்ரோட்டுக்கு ஓடினார்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அன்றிரவு ஆலைக்கருகே அளந்தபோது காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400.

விடியற்காலை பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கண் சிவந்திருந்தது. "எத்தினி வருசமா வாட அடிக்குதுன்னு சொல்லிகினு கீறோம். மெசின் சொன்னாத்தான் வாடையா?" என்றாள்.

டேவிட் ஹியூம் 1757இல் சுவையைப் பற்றி எழுதிய கட்டுரையில், டான் குயிக்ஸாட்டிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். இரண்டு பேரிடம் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல ஒயின், ஆனால் லேசாகத் தோல் வாடை என்கிறார் ஒருவர். நல்ல ஒயின், ஆனால் லேசாக இரும்பு என்கிறார் மற்றவர். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி கிடக்கிறது. நுண்ணிய சுவையுணர்வுக்கு இதுதான் ஹியூமின் உதாரணம். பெரியம்மாவின் கதையும் இதுதான். அவளுக்கும் மூக்கு இருந்தது, அவளைப் பார்த்தும் சிரித்தார்கள், அடியில் சாவியும் கிடந்தது. ஆனால் அவளை யாரும் சுவைஞர் என்று சொல்லமாட்டார்கள். புகார்தாரர் என்பார்கள்.

மேற்கத்தியத் தத்துவம் கண்ணையும் காதையும் மேலே வைத்தது. மூக்கையும் நாக்கையும் உடம்போடு, விலங்கோடு, பெண்ணோடு சேர்த்துக் கீழே வைத்தது. இந்த வரிசையில் பாலினம் ஒளிந்திருக்கிறது என்று கரோலின் கார்ஸ்மேயர் 1999இல் ஒரு புத்தகமே எழுதினார். புலன்களில் மிகவும் நன்றிகெட்டது, இல்லாவிட்டாலும் பரவாயில்லாதது மோப்பம்தான் என்பது கான்ட்டின் கருத்து. எண்ணூரில் ஒரு வாரம் இருந்திருந்தால் கான்ட் இதை எழுதியிருக்கமாட்டார். இங்கே பெண்ணின் மூக்கு ஓயாமல் வேலை செய்கிறது. காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் நேற்றையதா இன்றையதா என்கிறது. அடுப்பில் காஸ் கசிகிறதா, குழாய்த் தண்ணீரில் கழிவு கலந்திருக்கிறதா, காற்றில் என்ன வருகிறது, புருசன் எவ்வளவு குடித்திருக்கிறான், எல்லாம் அதன் பொறுப்பு. வடசென்னையில் பெண்ணின் மூக்கு ஒரு காவல்காரி. அதற்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

அந்த ஓட்டல் மேசையில் எனக்குக் கிடைத்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. என் மூக்குக்கு ஒரு மணி நேர விடுமுறை. ஆபத்து எதுவும் இல்லாத ஒன்றை, அது எப்படி இருக்கிறது என்பதற்காக மட்டும் மோந்து பார்ப்பது. யாருக்கும் பயன்படாத ஒரு கவனம். அம்மாவுக்கு வாழ்நாளில் அது கிடைத்ததே இல்லை. ஒயினை நான் இங்கே புகழவில்லை. ஆல்கஹாலுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பெண்களுக்கு அது மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் எப்போதாவது ஒரு கிண்ணம் எடுக்கிறேன். நான் கேட்கிற உரிமை மதுவுக்கானது என்பதைவிட, புலன்களைப் பயமில்லாமல் பயன்படுத்துவதற்கானது.

ஆனால் அந்தக் கிண்ணம் பொய்யும் சொல்லும். காம்பைப் பிடித்துக்கொண்டால் போதும், செய்வது குடி அல்ல, 'ரசனை' என்று அது நம்பவைக்கும். கடைக்கு வெளியே பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீரைக் கலந்து ஒரே மூச்சில் இறக்கிவிட்டுப் போகும் லாரி ஓட்டுநரைப் பார்த்து முகம் சுளிக்கவைக்கும். அவருக்கு உட்கார இடம் இல்லை, நேரம் இல்லை, மணம் பார்க்கும்படியான சரக்கும் இல்லை. சீக்கிரம் போதை ஏறவேண்டும் என்றே அந்தச் சரக்கும் டம்ளரும் அமைந்திருக்கின்றன. இதைச் சொல்வதால் அவர் வீட்டில் போய் அடிக்கும் அடி நியாயமாகிவிடாது. ஓட்டலில் குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிற கனவான்களும் உண்டு. கிண்ணம் யாரையும் திருத்தியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு அக்கா நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் பாத்திரம் கழுவும் பிரிவில் இருந்தாள். காம்புவைத்த கிண்ணங்களைக் கையால்தான் கழுவவேண்டும், ஆவியில் காட்டித் துணியால் துடைக்கவேண்டும், விரல்ரேகை தெரியக்கூடாது. உடைந்தால் சம்பளத்தில் பிடித்தம். ஒரு மாதம் இரண்டு கிண்ணத்துக்குப் பிடித்தார்கள். அதைச் சொல்லிக்கொண்டே சிரித்தாள். "வாய்ல வெச்சவ ஒடைக்கல, கழுவனவதான் ஒடைச்சா" என்றாள். அன்று நான் எடுத்த ஆறு கிண்ணங்களையும் யாரோ ஒரு பெண் இரவு பன்னிரண்டு மணிக்குக் கழுவியிருப்பாள். வாளியையும்தான்.

போன ஆண்டு கிறிஸ்துமஸ் சமயம் நாசிக்கில் செய்த செனின் பிளாங்க் ஒரு பாட்டிலும் ஒரே ஒரு காம்புக் கிண்ணமும் வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாமல் இனி எதுவும் வேண்டாம் என்று நினைத்தேன். அவளிடம் நேராகவே சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காசிமேட்டிலிருந்து நெத்திலியும் சங்கராவும் வாங்கிவந்தாள். நெத்திலியை வறுத்தாள், சங்கராவைக் குழம்பு வைத்தாள்.

எந்த ஒயினோடு எந்த உணவு என்பதற்கு நான் படித்த விதிகள் எல்லாம் வேறு ஊர் அடுப்புக்கு எழுதப்பட்டவை. ஆனால் காரணம் தெரிந்தால் நம் அடுப்புக்கும் பொருத்திக்கொள்ளலாம். சிவப்பு ஒயினோடு மீன் சாப்பிட்டால் வாயில் கவிச்சை ஏறுவதற்கு ஒயினிலுள்ள இரும்புச்சத்து ஒரு காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே நெத்திலிக்கு வெள்ளை. ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூண்டும், ஆகவே லேசானதும் கொஞ்சம் இனிப்பு ஒட்டியதும் நல்லது. எண்ணெயில் வறுத்ததைப் புளிப்பு வெட்டும். புளிக்குழம்புக்கு எதுவும் சேராது என்று நினைத்திருந்தேன். ஆனால் புளியின் புளிப்புக்கும் திராட்சையின் புளிப்புக்கும் அடிப்படை ஒரே டார்டாரிக் அமிலம். குழம்பு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் தண்ணீராகிவிடும். அன்று அப்படித்தான் ஆனது. குழம்பு ஜெயித்தது. நெத்திலியோடு மட்டும் ஒயின் உயிரோடு இருந்தது.

அம்மா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டினாள். கிண்ணத்தைக் கொடுத்தேன். காம்பைப் பிடித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை, ஆன்ட்டி வீட்டில் எத்தனையோ முறை அதைக் கழுவித் துடைத்தவள். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"ஆன்ட்டி வூட்டு ஜாடி வாசம் இல்ல இது" என்றாள். "அது பன்னீர்ப் பழம். கிராம்பு போடுவோம். இதுல கொய்யாக்கா வாசம் வருது. கொஞ்சம் தேனு." மறுபடியும் மோந்து பார்த்தாள். "அன்னிக்கி அவுங்க ஒரு வாய் குடுத்தாங்க. இருவத்தோரு நாளு கிண்டினவ நானு. குடிக்கணும்னு இருந்திச்சி."

"இப்ப ஒரு வாய் எடுத்துக்கயேம்மா."

"வேணாம்" என்றாள். இந்தமுறை 'நாங்க' என்று சொல்லவில்லை. "எனுக்கு வேணாம். நீ குடி." கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு நெத்திலியை எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். கிண்ணத்தை மட்டும் அங்கேயே விட்டாள்.

"உங்க நைனா டம்ளர இருவது வருசம் நான் கழுவுனேன். இத நீ கழுவு."

கழுவினேன். மெல்லிய கண்ணாடி, வழுக்குகிறது. அம்மா பின்னால் வந்து நின்று, "காம்பப் புடிக்காத, ஒடையும். வயித்தப் புடி" என்றாள்.